பழைய டர்போ பெட்ரோல் கார் வாங்குமுன்: டர்பனுக்குப் புதிதாய் வந்தவர்களுக்கு

உம்கேனி ரோட்டுப் பழைய கார் கடைகளில் ஏறி இறங்கினால், கைக்கு எட்டும் விலையில் கிடைப்பவற்றில் பல 1.0, 1.2, 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல் வண்டிகளாகவே இருக்கும். டர்போ என்பது எரிபுகையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் சிறு விசிறி. பெட்ரோல் மிச்சம், மேட்டில் நல்ல இழுவை என்று விற்பவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் டர்போ இல்லாத பழைய சாதா எஞ்சினை எடைபோடுவது மாதிரி ஓடிய கிலோமீட்டரை மட்டும் வைத்து இவற்றை எடைபோட்டால் ஏமாந்துவிடுவீர்கள். 140,000 கி.மீ. ஓடியிருந்தாலும் வருடம் தவறாமல் சரியான ஆயில் மாற்றிய வண்டியைத் தைரியமாக வாங்கலாம். 60,000 மட்டுமே ஓடி, இரண்டு வருடமாக ஆயிலே மாற்றாத வண்டி இலவசமாகக் கிடைத்தாலும் யோசிக்க வேண்டும். ஃபோர்டின் 1.0 எஞ்சினில் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 248,000 சுற்று வரை சுழலும் என்பது கம்பெனிக் கணக்கு. அதைத் தாங்கி நிற்பது மெல்லிய ஆயில் படலம் ஒன்றுதான்.

1. முதலில் ட்ராஃபிக் ரெஜிஸ்டர் நம்பர்

தென்னாப்பிரிக்க அடையாள எண் இல்லாதவர்கள் இது இல்லாமல் தம் பெயரில் வண்டியைப் பதிய முடியாது. பலர் வண்டிக்குப் பணம் கட்டிவிட்டு அதற்குப் பிறகே இதைக் கேள்விப்படுகிறார்கள். லைசன்ஸிங் ஆபீஸில் இதற்கான ஏ.என்.ஆர். படிவத்தை வாங்கி நிரப்புங்கள். பாஸ்போர்ட், செல்லுபடியாகும் விசா அல்லது பெர்மிட், பாஸ்போர்ட் அளவுப் படங்கள், முகவரிச் சான்று வேண்டும். அசலும் நகலும் இரண்டுமே கையில் இருக்கட்டும். போலீஸ் ஸ்டேஷனில் நகலுக்கு இலவசமாகவே சான்றளித்து முத்திரை குத்தித் தருவார்கள். மூன்று மாதத்துக்கு மேல் பழைய முத்திரையையும் பழைய பில்லையும் கவுண்டரில் திருப்பிக் கொடுத்துவிடுவது சகஜம். வாடகை வீட்டில் இருந்து பில் உங்கள் பெயரில் வராவிட்டால், வீட்டுக்காரரிடம் சத்தியப்பிரமாணக் கடிதம் வாங்கி அவருடைய பில்லையும் சேர்த்துக் கொடுங்கள். நம்பர் வரும்வரை வண்டி பார்க்கலாம், முன்பணம் கொடுக்காதீர்கள்.

2. எந்த எஞ்சின் என்று தெரிந்துகொள்ளுங்கள்

வண்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தை நம்ப வேண்டாம். ஃபோக்ஸ்வாகனின் ஒரே "1.2 டி.எஸ்.ஐ." பெயரில் இரண்டு வெவ்வேறு எஞ்சின்கள் உண்டு. ஒன்றின் நோய் மற்றதுக்கு இல்லை.

ஃபோக்ஸ்வாகன் 1.2, பழையது: 1,197 சி.சி., நான்கு சிலிண்டர், எட்டு வால்வு, டைமிங் செயின் (பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்கையும் வால்வுகளைத் திறக்கும் கேமையும் இணைக்கும் சங்கிலி). 77 கிலோவாட், 175 நியூட்டன் மீட்டர் உள்ளது போலோவில் வந்தது. எஞ்சின் கோட் சி.பி.இசட். என்று தொடங்கும். இதில் செயின் நீளும், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளரும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று நொடி கடகடவென்று சத்தம் வந்தால் செயின் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டென்ஷனர் ஆயில் அழுத்தத்தால் வேலை செய்வது. எஞ்சின் நின்றதும் அழுத்தம் போய்விடும். அதனால் சரிவில் கியரில் போட்டு நிறுத்திய வண்டி கொஞ்சம் உருண்டாலும், தளர்ந்த செயின் ஒரு பல் தாவிவிடும் அபாயம் உண்டு. பல் தாவினால் வால்வும் பிஸ்டனும் மோதும். சாட்ஸ்வர்த் மாதிரி மேடு பள்ளமான இடத்தில் குடியிருப்பவர்கள் முதலில் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, வண்டியின் பாரம் அதில் உட்கார்ந்த பிறகுதான் கியரில் போட வேண்டும்.

ஃபோக்ஸ்வாகன் 1.2, புதியது: சி.சி. அதே 1,197தான். ஆனால் பதினாறு வால்வு, செயினுக்குப் பதிலாக, அதே வேலையைச் செய்யும் ரப்பர் கேம் பெல்ட். 2014-க்குப் பிறகான போலோவில் 66 கிலோவாட், 160 நியூட்டன் மீட்டர் என்றும் 81 கிலோவாட், 175 நியூட்டன் மீட்டர் என்றும் வந்தது. கோட் சி.ஜே.இசட். இந்தப் பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கக்கூடிய எஞ்சின் இருக்கிறதென்றால் இதுதான். பெரிய குறை ஒன்றுதான்: வாட்டர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் ஒரே பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கின்றன. அது எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டின் கியர்பாக்ஸ் பக்க ஓரத்தில் உட்கார்ந்து, தனிச் சின்ன பெல்ட்டில் ஓடுகிறது. அந்த இணைப்பில் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கசியும். கசிவு கியர்பாக்ஸ் மேல் சொட்டிக் காய்ந்துவிடுவதால் தரையில் ஒன்றும் தெரியாது. டார்ச் அடித்து அந்த இடத்தில் வெளிறிய சிவப்புப் படிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபோக்ஸ்வாகன் 1.4: கோல்ஃப் 6, ஜெட்டா, பழைய போலோ ஜி.டி.ஐ. 1,390 சி.சி. இதிலும் இரண்டு ரகம். 90 கிலோவாட்டில் டர்போ மட்டும். செயின் நீளும், வேஸ்ட்கேட்டின் (டர்போவில் மிகுதி அழுத்தத்தைத் திறந்துவிடும் கதவு) தண்டு இறுகும். 118, 132 கிலோவாட்டில் டர்போவோடு, எஞ்சினே நேரடியாக ஓட்டும் காற்றழுத்தியான சூப்பர்சார்ஜரும் உண்டு. இதில் பிஸ்டன் ரிங்குகளுக்கு இடையிலுள்ள விளிம்பு உடைவது ஊரறிந்த விஷயம். ஆயில் குடிக்கும், பிறகு ஒரு சிலிண்டர் செத்துப்போகும். ஓட்ட அருமையாக இருக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் முதல் கார் வாங்குபவர் அந்த இரட்டை ரகத்தின் பக்கமே போக வேண்டாம் என்பது என் தீர்ப்பு.

ஃபோக்ஸ்வாகன் 1.0: 999 சி.சி., மூன்று சிலிண்டர், கேம் பெல்ட். உள்நாட்டில் கரீகா ஆலையில் செய்த 2018-க்குப் பிந்தைய போலோவில் 70 கிலோவாட், 175 நியூட்டன் மீட்டர்; 85 கிலோவாட், 200 நியூட்டன் மீட்டர். பொதுவாக நல்ல எஞ்சின். இதில் இரண்டு கிளட்ச் உள்ள ஏழு கியர் டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக் வாங்குவதென்றால் எஞ்சினைவிட கியர்பாக்ஸைத்தான் சோதிக்க வேண்டும். அது 6-ஆம் பகுதியில் வருகிறது.

ஃபோர்ட் 1.0 ஈகோபூஸ்ட்: ஃபியஸ்டா, ஈகோஸ்போர்ட். மூன்று சிலிண்டர். அதிகம் புழங்குவது 92 கிலோவாட், 170 நியூட்டன் மீட்டர் ரகம். இதன் கேம் பெல்ட் எஞ்சின் ஆயிலுக்குள் நனைந்தபடியே ஓடுகிறது. ஆயில் பம்ப்பை ஓட்டும் பெல்ட்டும் அப்படித்தான். ஃபோர்ட் சொல்லும் 5டபிள்யூ-20, டபிள்யூ.எஸ்.எஸ்-எம்2சி948-பி தரத்து ஆயில் இல்லாமல் வேறெதையாவது ஊற்றினாலோ, மாற்றாமல் காலம் கடத்தினாலோ பெல்ட்டின் ரப்பர் ஊறி உதிரும். உதிர்ந்த துகள், எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்குள் போய் ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். ஆயில் அழுத்தம் குறையும், டர்போவும் பேரிங்கும் சேர்ந்து போகும். பெல்ட் அறுந்துதான் எஞ்சின் சாக வேண்டும் என்பதில்லை. பெல்ட்டுக்கு ஃபோர்ட் ஐரோப்பாவில் சொன்ன கெடு 10 ஆண்டு அல்லது 240,000 கி.மீ. அதைப் பிடித்துக்கொண்டு "இன்னும் காலம் இருக்கிறது" என்று சொல்லும் விற்பனையாளரிடம், எந்த ஆயில் ஊற்றப்பட்டது என்பதற்கு ரசீது கேளுங்கள். ரசீது இல்லையென்றால் அந்தப் பெல்ட்டை முடிந்ததாகவே கணக்கில் வையுங்கள்.

பெஜோ, சிட்ரோவன் 1.2 பியூர்டெக் எஞ்சினுக்கும் இதே நனைந்த பெல்ட் வியாதிதான். 1,199 சி.சி., மூன்று சிலிண்டர். இதில் ஒரு வசதி, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தாலே பெல்ட் தெரியும். அகலத்தை அளக்கத் தனி அளவுகோலும் இருக்கிறது. ஊறிப் பருத்த பெல்ட் அதற்குள் நுழையாது. முதுகில் வெடிப்பு தெரிந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

ரெனோ 0.9: க்ளியோ, சாண்டெரோ. 898 சி.சி., 66 கிலோவாட், 135 நியூட்டன் மீட்டர், செயின். வேகம் குறைவு, தொல்லையும் குறைவு. பெட்ரோலை உள்வால்வின் முதுகில் தெளிப்பதால் வால்வில் கரி படியும் பிரச்சினையே இல்லை. அதே ரெனோவின் 88 கிலோவாட் 1.2 ஆயில் குடிப்பதற்குப் பேர் போனது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

3. பேப்பர்

சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை வரிசையாக இருப்பது மட்டும் போதாது. முத்திரையை யாரும் குத்தலாம். ரசீதுகளைக் கேளுங்கள். ஒவ்வொரு ரசீதிலும் தேதி, கிலோமீட்டர், ஆயிலின் பெயரும் தரமும், எத்தனை லிட்டர் என்று இருக்க வேண்டும். இரண்டு சர்வீஸுக்கு நடுவே 15,000 கி.மீ.க்கு மேலோ ஒரு வருடத்துக்கு மேலோ இடைவெளி விழுந்திருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முறை விழுந்த இடைவெளியை விலையில் பேசித் தீர்க்கலாம். இரண்டு மூன்று முறை என்றால் அடுத்த வண்டி.

வாரண்டி இருக்கும்போதே வெளி வொர்க்ஷாப்பில் சர்வீஸ் செய்திருக்கிறார்கள் என்பது குறையே அல்ல. போட்டி ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் 2021 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கின்றன. வெளியில் சர்வீஸ் செய்தால் வாரண்டி போய்விடும் என்று பயமுறுத்த முடியாது.

பதிவுச் சான்றிதழில் மூன்று இடங்களைப் பாருங்கள். சேஸி எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்ததோடு ஒத்துப்போக வேண்டும். உரிமைப்பத்திரதாரர் என்ற இடத்தில் வங்கியின் பெயர் இருந்தால் கடன் முடியவில்லை என்று பொருள். கடன் தீர்ந்ததற்கு வங்கிக் கடிதம் வராமல் பணம் தராதீர்கள். வாகனத்தின் நிலை என்ற இடத்தில் கோட் 2 என்றால் சாதாரணப் பழைய வண்டி. கோட் 3 என்றால் நொறுங்கி, மீண்டும் கட்டப்பட்டது. விலை மலிவாக இருப்பதன் காரணம் பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும். இன்சூரன்ஸ் கிடைப்பதும் கடினம், திரும்ப விற்பதும் கடினம்.

சேஸி எண்ணை அந்தந்தக் கம்பெனி டீலரிடம் கொடுத்து, திரும்ப அழைப்பு வேலை ஏதும் பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள், காசு கேட்க மாட்டார்கள். ஃபோர்ட் 2017 ஜனவரியில் இந்த நாட்டில் 4,556 குகா 1.6 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. கூலண்ட் குறைந்து எஞ்சின் சூடேறி, ஹெட் வெடித்து, ஆயில் கசிந்து தீப்பிடித்ததுதான் காரணம். சின்ன டர்போவில் கூலண்ட் மட்டம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

4. குளிர்ந்த எஞ்சினைப் பாருங்கள்

விற்பவரிடம் நேரம் சொல்லும்போதே, "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் மறுநாள் காலை வருகிறேன் என்று திரும்பிவிடலாம். செயின் சத்தம், நீலப் புகை, சிலிண்டர் தடுமாற்றம் எல்லாமே முதல் ஒரு நிமிடத்தில்தான் தெரியும். சூடாக்கி வைத்தால் மறைந்துவிடும்.

ஸ்டார்ட் செய்யுமுன்: டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்துப் பாருங்கள். மட்டம் குறைவாக இருந்தால் எஞ்சின் ஆயில் குடிக்கிறது, அல்லது சொந்தக்காரர் பானட்டைத் திறப்பதே இல்லை. மட்டம் மேல் கோட்டுக்கு மேலேயே இருந்து பெட்ரோல் வாடை அடித்தால், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்திருக்கிறது. இரண்டு கிலோமீட்டர் பள்ளிக்கூடம், மூன்று கிலோமீட்டர் கடை என்று மட்டுமே ஓடிய வண்டிகளில் இது வரும். கூலண்ட் டப்பாவில் நிறம் தெளிவாக இருக்க வேண்டும். வெறும் தண்ணீரோ பழுப்புச் சேறோ இருக்கக் கூடாது. ஃபோர்டில் கூலண்ட் டப்பாவுக்குப் போகும் மெல்லிய காற்றுப்போக்கிக் குழாயையும் அதன் முனைகளையும் விரலால் தடவிப் பாருங்கள். அது வெடித்தால் சில நிமிடங்களில் கூலண்ட் காலியாகிவிடும். கூலண்ட் இல்லாதபோது வெப்பமானி முள்ளை நம்ப முடியாது.

ஸ்டார்ட் செய்ததும் ஒருவர் பின்னால் நிற்கட்டும். நீலப் புகை என்றால் ஆயில். இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை விடாமல் வந்தால் கூலண்ட். டர்பனின் குளிர்காலக் காலையில் கொஞ்ச நேரம் வரும் நீராவி அதில் சேராது. ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு, சட்டென்று ஆக்ஸிலரேட்டரை அழுத்துங்கள். அப்போது மட்டும் நீலப் புகை கிளம்பினால் டர்போவின் சீல் மேல் சந்தேகப்படலாம்.

எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். ஐடில் சற்று தடுமாறுவது இயல்பு. மூடி பலமாக உறிஞ்சப்பட்டு எடுக்கவே வராவிட்டால், அல்லது புகை குபுகுபுவென்று வந்தால், எஞ்சினின் அடிக்கூட்டிலிருந்து (கிராங்கேஸ்) காற்றை வெளியேற்றும் வால்வு கெட்டிருக்கிறது. உறிஞ்சினால் வால்வின் சவ்வு கிழிந்திருக்கும். அது மலிவான பாகம். புகை தள்ளினால் காரணம் பிஸ்டன் ரிங்காகவும் இருக்கலாம், அதன் செலவு வேறு.

5. ஸ்கேனரைச் செருகுங்கள்

காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் புளூடூத் ஓ.பி.டி. அடாப்டர் சில நூறு ரான்டுக்குக் கிடைக்கும். போனில் ஆப் ஒன்று போட்டுக்கொண்டால் போதும். பழுதுக் கோடுகளைப் படிப்பது மட்டும் வேலையில்லை. வருவதற்கு முதல் நாள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு விற்கும் கெட்டிக்காரர்கள் உண்டு. அழித்தாலும் தடயம் நிற்கும்: "கோடு அழித்தபின் ஓடிய தூரம்" என்று ஒரு எண் வரும், "ரெடினஸ்" என்னும் காரின் சுயசோதனைகள் முடியவில்லை என்றும் காட்டும். 12 கி.மீ. என்று வந்தால் எதையோ மறைத்திருக்கிறார்.

அர்த்தம் தெரிந்திருக்க வேண்டிய கோடுகள் சில. பி0299: டர்போ அழுத்தம் போதவில்லை. கிழிந்த ஹோஸில் தொடங்கி இறுகிய வேஸ்ட்கேட் வரை எதுவும் காரணமாகலாம், உடனே டர்போவை மாற்றச் சொல்பவரை நம்பாதீர்கள். பி0234: அழுத்தம் மிகுதி, வேஸ்ட்கேட் சரியாகத் திறக்கவில்லை. பி0016: கிராங்கும் கேமும் ஒத்துப்போகவில்லை, செயின் உள்ள வண்டியில் இது வந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். பி0300 முதல் பி0304 வரை: சிலிண்டர் விட்டு விட்டு அடிக்கிறது. பிளக், காயில் தொடங்கி வால்வில் கரி வரை பார்க்க வேண்டும். பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சின்களில் உள்வால்வைக் கழுவ பெட்ரோல் வராது, ஆயில் ஆவி படிந்து கரியாகும். வால்நட் ஓட்டுத் துகளை அடித்துத்தான் சுத்தம் செய்வார்கள். டேங்கில் ஊற்றும் மருந்தால் அந்தக் கரி போகாது. ஊற்றும் பெட்ரோல் அங்கே போவதே இல்லை.

நீண்டகால எரிபொருள் திருத்தம் என்ற எண்ணையும் பாருங்கள். கூட்டல் கழித்தல் 5 சதவீதத்துக்குள் நல்லது. கூட்டல் 10-ஐத் தாண்டினால் எங்கோ காற்று கசிகிறது. எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பினால், உள்ளிழுப்பு அழுத்தம் டர்பனில் ஏறக்குறைய 101 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். அது பிசகினால் சென்சாரே பொய் சொல்கிறது.

6. மேட்டில் ஓட்டிப் பாருங்கள்

சமதளத்தில் நாலு ரோபோ (ட்ராஃபிக் சிக்னல்) தாண்டித் திரும்பி வருவது ஓட்டிப் பார்ப்பது ஆகாது. எம்13 சாலையில் ஃபீல்ட்ஸ் ஹில் மாதிரி நீண்ட மேடு வேண்டும். எஞ்சின் சூடானதும் மூன்றாம் கியரில் 1,800 சுற்றிலிருந்து 4,500 வரை முழு அழுத்தத்தில் ஏற்றுங்கள். இழுவை சீராக ஏற வேண்டும். புஸ்ஸென்று காற்றுச் சத்தமும் சோர்வும் சேர்ந்து வந்தால் டர்போவின் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிழிந்திருக்கலாம். கடற்கரை ஓரத்தில் நின்ற வண்டிகளில் ஹோஸ் கிளிப்பு துருப்பிடித்துத் தளர்வதும் உண்டு. முழு அழுத்தத்தில் மட்டும் வெட்டி வெட்டி இழுத்தால் பெரும்பாலும் பிளக் அல்லது காயில்.

ஏழு கியர் டி.எஸ்.ஜி. என்றால் மேட்டின் நடுவில் நிறுத்தி, மெதுவாகக் கிளப்புங்கள். உடம்பு அதிரும் அளவுக்கு நடுக்கம் வந்தால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. இரட்டைப்படை கியரோ ஒற்றைப்படை கியரோ மொத்தமாக விழாமல் போனால், கியர்பாக்ஸை இயக்கும் மெக்கட்ரானிக்ஸ் பகுதி கெட்டிருக்கிறது. இரண்டுமே எஞ்சின் வேலைக்கு ஈடான செலவு வைப்பவை. ரிவர்ஸையும் மேட்டிலேயே போட்டுப் பாருங்கள்.

திரும்பி வந்து நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துப் பானட்டைத் திறந்து பாருங்கள். சூடான பிறகுதான் கசிவு பேசும்.

7. விலையும் ஒதுக்கவேண்டிய பணமும்

விலையில் பத்துக்கு ஒன்றரைப் பங்கைத் தனியே வைத்துக்கொள்ளாமல் சின்ன டர்போ வாங்க வேண்டாம். ஆயில், ஃபில்டர், பிளக், கூலண்ட் மாற்றச் சில ஆயிரம் ரான்டில் முடியும். வாட்டர் பம்ப்போடு கேம் பெல்ட் அதைவிடக் கணிசமாகக் கூடும். நனைந்த பெல்ட் வேலையும் டர்போ மாற்றுவதும் பத்தாயிரங்களில் போகும். ஃபோர்டில் பெல்ட் மாற்ற எஞ்சினின் முன்பக்க உறையைக் கழற்ற வேண்டும், சிறப்புக் கருவியும் வேண்டும். வேலை ஒரு நாளைத் தாண்டும். சம்ப்பைக் கழற்றி ஆயில் வலையைச் சுத்தம் செய்வதும் ஆயில் பம்ப் பெல்ட்டும் அதே வேலையில் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். சேராவிட்டால் அந்தக் குறைந்த விலையில் அர்த்தமில்லை. மதிப்பீட்டில் 15 சதவீத வாட் வரி சேர்ந்ததா என்று கேட்காமல் இரண்டு கடைகளை ஒப்பிடவும் முடியாது.

கடையில் வாங்கினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறைக்குப் பழுதுபார்த்தல், மாற்று, பணம் திருப்புதல் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கடைக்காரர் முன்கூட்டியே சொல்லி நீங்கள் ஒப்புக்கொண்ட குறையும், சாதாரணத் தேய்மானமும் இதில் வராது. ஆகவே கையெழுத்திடும் தாளில் "குறைகள்" என்ற பகுதியைப் படியுங்கள். ஒத்துவராவிட்டால் மோட்டார் தொழில் ஒம்பட்ஸ்மனிடம் (புகார்களை விசாரிப்பவர்) எழுத்தில் முறையிடலாம். தனியாரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. ஒப்பந்தத்தில் ஃபூட்ஸ்டூட்ஸ் என்று எழுதிவிட்டால் இருக்கிறபடியே வாங்கிக்கொண்டதாகும். குறை தெரிந்தே மறைத்தார் என்று காட்ட முடிந்தால்தான் வழக்கு நிற்கும். அதனால் "ஆயில் குடிக்குமா? சூடேறியதா? செயின் மாற்றியதா?" என்ற கேள்விகளை வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிவையுங்கள்.

8. பெயர் மாற்றம்

வண்டி கைமாறிய நாளிலிருந்து 21 நாள்தான் கெடு. விற்பவர் என்.சி.ஓ. படிவத்தில் கையெழுத்திட்டு உரிமை மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். நீங்கள் ஆர்.எல்.வி. படிவத்தை நிரப்பி, அசல் பதிவுச் சான்றிதழ், ரோட்வொர்த்தி (சாலையில் ஓடத் தகுதி) சான்றிதழ், உங்கள் ட்ராஃபிக் ரெஜிஸ்டர் சான்று, முகவரிச் சான்று எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ரோட்வொர்த்தி 60 நாள் செல்லும். அதை எடுக்கும் செலவு யாருடையது என்று விலை பேசும்போதே முடிவுசெய்துவிடுங்கள். பின்னால் சண்டை வருவது பெரும்பாலும் இதில்தான். கண்ணாடியில் ஒட்டும் வருடாந்தர லைசன்ஸ் டிஸ்க் காலாவதியாகிக் கிடந்த வண்டியென்றால் பாக்கியும் அபராதமும் உங்கள் தலையில் விழலாம், முன்பே கழித்துக்கொள்ளுங்கள். வேறு மாகாணமான கவுட்டெங்கிலிருந்து வந்த வண்டி என்றால் புது நம்பர் பிளேட் செலவும் உண்டு. ரோட்வொர்த்தி பாஸ் ஆனது எஞ்சினுக்குக் கிடைத்த நற்சான்று அல்ல. பிரேக், லைட், டயர், ஸ்டீரிங்கைத்தான் அங்கே பார்க்கிறார்கள். செயினைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை.

9. வாங்கிய முதல் வாரத்திலேயே

பழைய சொந்தக்காரர் நேற்றுதான் மாற்றினேன் என்றாலும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். ஃபோக்ஸ்வாகனுக்கு 502 00 அல்லது 504 00 தரம், ஏறக்குறைய நான்கு லிட்டர். ஃபோர்டுக்கு மேலே சொன்ன 5டபிள்யூ-20 தவிர வேறெதுவும் வேண்டாம். ஸ்பேர்ஸ் கடையில் "எல்லாத்துக்கும் இதுதான்" என்று 20டபிள்யூ-50 டப்பாவை நீட்டினால் வாங்காதீர்கள். அதன்பிறகு 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அதில் மாற்றுங்கள். குறுந்தூரமே ஓடினால் வருடம்தான் முந்தும்.

பிளக் 60,000 கி.மீ.க்கு ஒரு முறை. எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் இப்போதே மாற்றுங்கள், தேய்ந்த பிளக் காயிலையும் கொல்லும். கூலண்ட் அந்தந்தக் கம்பெனித் தரத்தில். பச்சையையும் சிவப்பையும் கலந்தால் உள்ளே சேறு கட்டும். டர்போ மட்டும் உள்ள ஃபோக்ஸ்வாகன்களில் இன்டர்கூலரும் கூலண்டில்தான் குளிர்கிறது. காற்றை முழுதாக வெளியேற்றாமல் நிரப்பினால் ஹீட்டர் வேலை செய்யாது, எஞ்சின் சூடேறும். இதைச் சரியாகச் செய்ய வெற்றிடக் கருவி உள்ள வொர்க்ஷாப்பிலேயே விடுங்கள்.

10. பெட்ரோலும் ஜொஹானஸ்பர்க் மேடும்

கடலோரத்தில் 95 ஆக்டேன் பெட்ரோல் போடுவீர்கள், கேள்வியே இல்லை. என்3 நெடுஞ்சாலையில் உள்நாட்டுக்குப் போனதும் பம்பில் 93-ம் இருக்கும், விலையும் குறைவு. "மேட்டில் 93 போதும்" என்பது சாதா எஞ்சினுக்குச் சரி. ஜொஹானஸ்பர்க்கின் 1,750 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் சிலிண்டருக்குள் நெருக்கமும் குறையும். டர்போ அந்தக் குறைவை நிரப்பிவிடும், அதனால் நெருக்கம் கடலோரத்தில் இருந்தபடியே இருக்கும். 93 ஊற்றினால் பெட்ரோல் நேரம் தவறி வெடித்து எஞ்சின் தட்டும். கம்ப்யூட்டர் இக்னிஷனைத் தள்ளிப்போட்டு இழுவையைக் குறைக்கும். பெட்ரோல் மூடியில் 95 என்று எழுதியிருந்தால் மேட்டிலும் 95-தான்.

அதே என்3-இலுள்ள டவுன் ஹில் என்ற மேட்டிலும் வான் ரீனென் கணவாயிலும் ஏறும்போது ஐந்தாம் கியரில் 1,500 சுற்றில் முழுதாக அழுத்தி ஏற்றாதீர்கள். குறைந்த சுற்றில் முழுப் பாரம் கொடுக்கும்போது, சிலிண்டருக்குள் தெறிக்கும் ஆயில் துளி நேரத்துக்கு முன்பே தீப்பற்றி, பிஸ்டனை ஒரே அடியில் உடைத்துவிடும். ஒரு கியர் இறக்கி 2,500-க்கு மேல் வைத்துக்கொண்டு ஏறுங்கள். பெட்ரோல் கொஞ்சம் கூடச் செலவானாலும் பரவாயில்லை. ஏறி முடித்ததும் பெட்ரோல் பங்கில் சட்டென்று அணைத்துவிடாமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்றுவிடும், செக்கச் சிவந்த டர்போவுக்குள் தேங்கிய ஆயில் கருகி, நாளடைவில் குழாயை அடைக்கும்.

சில வொர்க்ஷாப்புகள் லேப்டாப்பைச் செருகிப் பவரைக் கூட்டித் தருவதாகச் சொல்லும். 100,000 கி.மீ. ஓடிய செயினும் பிளக்கும் கிளட்ச்சும் அந்தக் கூடுதல் பவரைத் தாங்குமா என்று கேட்டுப் பாருங்கள். அப்படிச் செய்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் விபத்தானால் இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு அதுவே காரணமாகிவிடும்.